கண்ணாடிக்குள் கடல்

அவள் வேண்டுமென்று உதைக்கவில்லை.

நீச்சல் குளத்தின் அடியில், முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்... மேலே ஓடு. துள்ளினாள். காலில் மாட்டியிருந்த நீளத் துடுப்பு, பக்கத்தில் மண்டியிட்டிருந்தவன் மூக்கில் போய் விழுந்தது.

மேலே வந்து இருமி முடித்துப் பார்த்தால், அவன் மூக்கைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தான். ஈர இமைகளுக்குள் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். சிரிப்பு இருந்தது.

"மூக்கு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

"இருக்கு... லேசா சிவந்திருக்கு. மன்னிச்சிருங்க. மருந்து தரேன், நான் மருந்துக்கடையிலதான் வேலை பார்க்கறேன்."

"ஓ... கடைக்கு ஆளை நீங்களே அடிச்சுப் பிடிப்பீங்களா?"

காற்று சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் மூழ்கப் பயிற்சி தரும் பெண் இருவரையும் பார்த்தாள். "கடல்ல யாரும் தனியா இறங்கக் கூடாது. இனிமே நீங்க ரெண்டு பேரும் ஜோடி."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவளுக்குத்தான் கன்னம் சூடானது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கிப் பழகியவன், எதையும் சட்டென்று பிடித்துக்கொண்டான். மூச்சை அடக்கக் கூடாது, பயந்தாலும் மெதுவாகத்தான் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக்குள் வந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் பதறி மேலே வந்தாள்.

ஒரு மாலை, உடை மாற்றும் அறை வாசலில் அவன் குரல் கேட்டது.

"அவங்களுக்கு அந்தக் கண்ணாடிப் பரீட்சைல பாஸ் போட்டுடுங்க மேடம். கடல்ல நான் பார்த்துக்கறேன்."

அவள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"உங்ககிட்ட யாரு சிபாரிசு கேட்டா?"

"இல்ல... கஷ்டப்படுறீங்களேன்னு..."

"படுறேன். அது என் கஷ்டம்."

அதன் பிறகு குளத்தில் சைகை மட்டும்தான்.

வீட்டுக் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். கண்ணாடியை மாட்டி, தண்ணீரை உள்ளே விட்டு, மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து ஊதினாள். மூக்கு எரிந்தது. மறுபடி ஊதினாள். அம்மா கதவைத் தட்டினாள். "உள்ள எருமையாடி குளிக்குது?"

"ஆமாம்மா... இன்னும் குளிச்சு முடிக்கலை."

அந்த வாரமே பரீட்சையில் தேறினாள்.

வகுப்பின் கடைசி நாளில் கடலுக்குப் போனபோது வானம் மூட்டமாக இருந்தது. படகில் அவன் ஓயாமல் மூக்கை உறிஞ்சினான்.

"சளியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். கொஞ்ச ஆழத்தில் அவள் கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் கசிந்தது. பதறவில்லை. அழுத்தினாள், அண்ணாந்தாள், ஊதினாள்... உலகம் தெளிந்தது. கீழே பவளப் பாறைமேல் மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

அவனைத் தேடினாள். மேலேயே நின்றிருந்தான். சளியில் அடைத்த காது, மூக்கைப் பொத்தி ஊதியும் திறக்காமல், வலியில் முகம் சுருங்கியிருந்தது. சரியா என்று கைகாட்டினாள். சரி என்றான். அவள் நம்பவில்லை. அவன் கண்களையே பார்த்தபடி மறுபடி கேட்டாள்.

மெல்ல... அவன் விரல் காதைத் தொட்டது.

பயிற்சியாளருக்குச் சைகை காட்டிவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மீன்களை ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவரும் மெதுவாக ஏறினார்கள்.

படகில் தூறல். அவன் தலையைத் துவட்டவே இல்லை.

"முடியலைன்னு உங்க முன்னாடி ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. இப்ப உங்க கடலையும் கெடுத்துட்டேன்."

"கடல் எங்க போகுது... அடுத்த வாரமும் இங்கதான் கிடக்கும்."

ஆனால் அவன்? வகுப்பு இன்றோடு முடிகிறது. இனி அவனைப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. வாயைத் திறக்காவிட்டால் கரையில் இறங்கி அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்...

"நீங்கதான் போயிடுவீங்க. அது எனக்குப் பிடிக்கலை," என்றாள். "உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் இமையில் மழைத்துளி ஒன்று தயங்கி விழுந்தது.

"இந்தக் காது அடைச்சிருக்கு... சரியாக் கேட்கலை."

பொய் என்று தெரிந்தது. அவள் எழுந்து, ஆடும் படகில் அவனுடைய மறுபக்கம் போய் உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறையாமல் மறுபடி சொன்னாள்.

"எனக்கும்தான்," என்றான் அவன். "மூக்குல வாங்கின அன்னிக்கே."