நாலாம் அறைக்கு ஒரு காபி

அலறல் வர வேண்டிய நேரம் அது.

வரவில்லை!

சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்த சொராய்தா கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

மணி காலை ஏழே முக்கால். ஐந்து நிமிடத்துக்கு முன்புதான், வேலை கற்க வந்திருந்த மைலினிடம் சாவியைக் கொடுத்து, "நாலாம் ரூமைத் திறந்து காத்தாட விடு, செல்லம்" என்று அனுப்பியிருந்தாள்.

நாலாம் அறைக் கட்டிலில் ஒரு பிணம் கிடக்கிறது. அது சொராய்தாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பிணத்தின் முகத்துக்கு மாவு பூசிவிட்டதே அவள்தான்!

பிணத்தின் பெயர் எவேலியோ. சொராய்தாவின் சொந்தத் தம்பி. பின்கட்டில் ஒளிந்து வாழ்பவன். மூன்று வேளையும் மூக்கு முட்டச் சாப்பிடுகிற ஆள்.

கியூபாவின் டிரினிடாட் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு வெளியூர்க்காரர்களுக்கு அறையும் காலைச் சாப்பாடும் கொடுக்கிற வீடுதான். சொராய்தா வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு.

பயிற்சி!

"பத்து நாள் என்கூட இரு. கையால செஞ்சு கத்துக்கோ. பத்தாம் நாள் வக்கீல் முன்னால கையெழுத்துப் போட்டு, மாடி ரூம் ரெண்டையும் ஒரு வருஷத்துக்கு உன் பொறுப்புல விட்டுடறேன்!"

தேன் தடவிய பேச்சு. பெண்கள் நம்பி வருவார்கள். விரிப்பு துவைப்பார்கள், கொய்யா நறுக்குவார்கள், கழிப்பறை தேய்ப்பார்கள். சொராய்தா நாற்காலியில் சாய்ந்தபடி விசிறிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் காலை நாலாம் அறை திறக்கப்படும். கூடத்தில் பூ வைத்த படத்தில் சிரிக்கிற 'காலஞ்சென்ற கணவர்' கட்டிலில் விறைத்துக் கிடப்பார். அலறல்... ஓட்டம்... அவ்வளவுதான். பெட்டியை எடுக்கக்கூடத் திரும்பி வரமாட்டார்கள். கையெழுத்தும் கிடையாது, மாடியும் கிடையாது.

படத்தில் இருப்பதும் எவேலியோதான். நிஜக் கணவன் மயாமியில் வேறொருத்தியோடு சௌக்கியமாக இருந்தான்.

இதுவரை ஏழு பெண்கள். ஆறு பேர் ஓடினார்கள். ஏழாவது பெண்ணை மட்டும் நினைக்கவே கூடாது என்று சொராய்தா சத்தியம் செய்திருந்தாள்.

மைலின் எட்டாவது. நாளைக்கு அவளுக்குப் பத்தாம் நாள். இன்றைக்கு அவள் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் மாடி போய்விடும்!

காலடிச் சத்தம் கேட்டது. ஓடிவரும் சத்தம் அல்ல. நிதானமாக நடந்துவரும் சத்தம்.

"செனோரா..." வாசலில் மைலின்.

"என்னடி?"

"நாலாம் ரூம்ல ஒரு பிணம் கிடக்கு."

சொராய்தா முட்டைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"விரிப்பை இப்பவே மாத்திடட்டுமா? இல்ல, பிணத்தை எடுத்த பிறகா? இதை நீங்க சொல்லிக்குடுக்கவே இல்லையே!"

சொராய்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் பழகிய நடிப்பு கைகொடுத்தது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ! மறுபடியும் வந்துட்டாரா! அது என் வீட்டுக்காரரோட ஆவிடி! உன்னைப் பார்த்துட்டாருன்னா விடமாட்டார். ஓடிடு! பெட்டி கிட்டின்னு நிக்காதே!"

"ஆவியா?" மைலின் தலையைச் சாய்த்தாள். "தொட்டுப் பார்த்தேனே, செனோரா. ஜில்லுன்னு இருந்தாரு. மூணு தடவை கூப்பிட்டேன். மூச்சையும் காணோம்."

"தொ... தொட்டியா?"

"தொடாம எப்படி விரிப்பை உருவறது?"

தொட்ட பெண் இதற்கு முன் ஒருத்திதான். அந்த ஏழாவது பெண்!

முற்றத்து மாமரத்தடியில் இரண்டாம் அறை விருந்தாளி தட்டைத் தட்டினார். நேற்று முன்தினம் சாந்தா கிளாராவிலிருந்து மனைவியோடு வந்தவர். மீசைக்காரர், பெருந்தீனிக்காரர்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் கொய்யா கிடைக்குமா?"

"இதோ... இதோ வருது!" என்று குரல் கொடுத்துவிட்டு சொராய்தா நாலாம் அறைக்கு விரைந்தாள்.

நடை வழியில் அந்த வாசனை மூக்கைத் தாக்கியது.

வயலட் பூத் தண்ணீர்!

குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டுத் தலையில் தெளிப்பது. அந்த ஏழாவது பெண் தயாமி, இருபத்திரண்டு வயதிலும் அதைத்தான் தெளித்துக்கொள்வாள். அவளோடு வீட்டைவிட்டுப் போன வாசனை இந்த ஒன்பது நாளில் மூன்று தடவை திரும்ப வந்திருக்கிறது. முதலில் துணி அலமாரியில்... பிறகு சொராய்தாவின் தலையணையில்... இப்போது இங்கே.

மைலினிடம் கேட்டபோது, "எனக்கு ஒரு வாசனையும் வரலையே, செனோரா" என்றிருந்தாள்.

பேய் காட்டிப் பிழைத்தவளுக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"டேய்... நடிச்சது போதும். இவ பயப்படல. எந்திரி!"

எவேலியோ அசையவில்லை.

"எவேலியோ! விளையாடாதே!"

கிள்ளினாள். உலுக்கினாள். அவன் கை கட்டிலிலிருந்து சரிந்து தொங்கியது. நாடி பிடித்துப் பார்த்தாள். விரல் நடுங்கிய நடுக்கத்தில் தன் நாடிதான் துடித்தது. குளிர்ந்திருந்தது அவன் கையா, தன் கையா என்றும் தெரியவில்லை.

கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பை உருண்டு கிடந்தது. நீல விளிம்பு வைத்த சின்னக் கோப்பை.

அது இறந்தவர்களின் கோப்பை!

காலையில் இறக்கும் முதல் காபி வீட்டில் செத்துப்போனவர்களுக்கு. கூடத்து அலமாரியில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். செத்தவர்கள் ஆவியை மட்டும் முகர்வார்கள், சொட்டு குறையாது. ஆறின பிறகு முற்றத்தில் கொட்டிவிடுவார்கள். உயிரோடிருப்பவர் உதடு அதில் படக்கூடாது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

எவேலியோவுக்கு அதெல்லாம் கேலி. 'கோப்பை காலியானாத்தான் பொண்ணுங்க பயப்படும், அக்கா' என்று தினமும் திருட்டுத்தனமாகக் குடித்துவந்தான். "வேணாம்டா" என்று இவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"குடிச்சிட்டாரா?"

சொராய்தா துள்ளித் திரும்பினாள். மைலின் கதவைத் திறந்துகொண்டு நின்றிருந்தாள். கையில் அலமாரியிலிருந்த தண்ணீர் டம்ளர்.

"எ... என்னடி?"

"காபியைத்தான் கேக்கறேன். இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் பேர்ல வெக்கல, செனோரா. தயாமி பேர்ல வெச்சேன்."



"அந்தப் பேரை... உனக்கு யாரு சொன்னா?"

"அவளேதான்."

"பொய்!"

"விரிப்போட மூலையைப் பாருங்க."

விரிப்பு நழுவாமலிருக்க மெத்தைக்கு அடியில் நாலு மூலையையும் முடிந்துவிடுவது இந்த வீட்டு வழக்கம். பயிற்சியின் முதல் பாடமே அதுதான். நேற்று மாலை சொராய்தா தன் கையாலேயே ஒற்றை முடிச்சுப் போட்டிருந்தாள்.

குனிந்து பார்த்தாள்.

ஒற்றை முடிச்சு இல்லை. சடை ரிப்பன் மாதிரி, பூப்போட்ட இரட்டை முடிச்சு! நாலு மூலையிலும்!

அப்படி முடிகிறவள் ஒருத்திதான். 'எங்கம்மா இப்படித்தான் கத்துக்குடுத்தாங்க, செனோரா. அவுக்கறது சுலபம்' என்று சிரித்தவள்.

வயலட் வாசனை அறையெங்கும் நிறைந்திருந்தது. ஜன்னல் கதவு தானாகவே கிரீச்சிட்டது. சொராய்தா கைகூப்பி மண்டியிட்டாள்.

"தயாமி! என்னை விட்டுடு தாயே! அதான் இவனைக் கூட்டிட்டுப் போயிட்டியே, போதாதா?"

"எதுக்குக் கூட்டிட்டுப் போனாளாம்?" மைலின் மெதுவாகக் கேட்டாள்.

"இவன்தான் தள்ளினான்! நீ இவன் கன்னத்தைத் தொட்டே... விரல்ல மாவு ஒட்டிச்சு... சிரிச்சியே, தயாமி! ஊரைக் கூட்டிச் சொல்றேன்னு மொட்டைமாடிக்கு ஓடினியே! இவன் பின்னாலயே வந்து படிக்கட்டு உச்சியிலேருந்து தள்ளிட்டான். நீயா வழுக்கி விழுந்துட்டதா பொய் சொன்னது மட்டும்தான் நான்! சத்தியமா நான் இல்ல!"



மைலினின் கண்கள் நிறைந்து வழிந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. கட்டிலருகே வந்தாள்.

"அப்படியா? எதுக்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

டம்ளர் தண்ணீர் முழுவதையும் பிணத்தின் முகத்தில் ஊற்றினாள்!

பிணம் தும்மியது!

"ஆ... ஆச்ச்! யாரது... தண்ணி..." மாவு கரைந்து வழிய எவேலியோ பாதிக் கண்ணைத் திறந்தான்.

சொராய்தா வீலென்று கத்தினாள். அந்த வீட்டில் அன்று கேட்க வேண்டிய அலறல் ஒரு வழியாகக் கேட்டுவிட்டது!

"எவேலியோ மாமா," என்றாள் மைலின், "தயாமியைத் தள்ளினது நீங்கதான்னு உங்க அக்கா சொல்றாங்களே?"

"நா... நானா?" தூக்கக் கலக்கத்திலும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! நான் கீழே நின்னேன்! மாவுமூஞ்சியோட எப்படி மாடிக்குப் போவேன்? அந்தப் பொண்ணு என் காலடியில வந்து விழுந்துச்சு! நிமிந்து பார்த்தா நீ நிக்கற, கையை நீட்டிக்கிட்டு! தள்ளினது நீ! ஒரு வருஷமா என் தூக்கத்துல விழுந்துக்கிட்டே இருக்கா அவ..."

"வாயை மூடுடா நாயே!"

"மூட வேண்டாம். நல்லாத்தான் பேசறார்."

மீசைக்காரர்! இரண்டாம் அறை விருந்தாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கொய்யாத் துண்டு, மறு கையில் அடையாள அட்டை.

"கேப்டன் ஒஸ்மானி. போலீஸ். ரெண்டு பேர் சொன்னதையும் கேட்டேன். என் மனைவியும் கேட்டா. அவளும் போலீஸ்தான்."

சொராய்தா மைலினை வெறித்தாள்.

"யா... யாருடி நீ?"

"தயாமியோட அக்கா. அம்மா ஒண்ணு, அப்பா வேற. அதனாலதான் குடும்பப் பேரைப் பார்த்து நீங்க கண்டுபிடிக்கல." மூக்கை உறிஞ்சினாள். "அவ வழுக்கி விழற பொண்ணு இல்ல, செனோரா. மாமரத்து உச்சிக்கு வெறுங்காலோட ஏறுவா. எங்க ஊர் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பல. வேற வழியில்லாமத்தான் உங்ககிட்ட வேலை கத்துக்க வந்தேன். ரெண்டாம் நாளே கோப்பை காலியா இருந்தது. செத்தவங்க நக்கிக் குடிக்க மாட்டாங்களே! அதைச் சொல்லித்தான் கேப்டனை நம்பவெச்சு இங்க வரவெச்சேன்."

"காபியில என்னத்தைக் கலந்தே?" எவேலியோ முனகினான்.

"தூக்க மாத்திரை. ரெண்டே ரெண்டு. செத்தவங்களுக்கு வெச்சதை நீங்க ஏன் குடிச்சீங்க?"

கேப்டன் கொய்யாவைச் சவைத்தபடி தலையாட்டினார்.

சொராய்தாவுக்குக் கடைசியாக ஒரு கோபம் மிச்சமிருந்தது. "போலீஸ்காரனை என் வீட்டுல தங்க வெச்சியே... என்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேனே! விருந்தாளிப் பதிவேட்டுல அவர் பேரு, ஊரு, வேலை, எல்லாம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினேன். நீங்க விசிறிக்கிட்டே பார்க்காம கையெழுத்துப் போட்டீங்க. வந்தவங்க யாருன்னு வீட்டுக்காரிதான் முதல்ல படிக்கணும்னு முதல் நாளே பாடம் நடத்தினது யாரு?"

கேப்டனின் மனைவி விலங்கோடு வந்தாள். கூடத்தைக் கடக்கும்போது சொராய்தாவின் கண் அலமாரிப் பக்கம் போனது. பூ வைத்த படத்துக்குப் பக்கத்தில், கழுவிய நீல விளிம்புக் கோப்பையில் புதிதாகக் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அதை யாரும் தொடப்போவதில்லை.

வாசலில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என் வீடு... என் ரூமெல்லாம்... இனிமே நான் எங்கடி போவேன்?"

மைலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயிற்சியில் கற்ற அதே பணிவோடு கதவைத் திறந்துவிட்டாள்.

"கவலையே படாதீங்க, செனோரா. போற இடத்துலயும் படுக்கையும் காலைச் சாப்பாடும் உண்டு... விரிப்பை மட்டும் நீங்களேதான் துவைக்கணும்!"