விழத் தெரிந்தவர்கள்

பம்பரம் என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமிக்கு வீட்டில் ஒரு அம்மா. மாடியில் நடக்கும் ஜூடோ வகுப்பில் ஒரு மாஸ்டர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆனால் படியேறிவிட்டால், வாய் தவறிக்கூட "அம்மா" என்று கூப்பிடக் கூடாது.

மாஸ்டரின் இடது மணிக்கட்டு லேசாகக் கோணியிருக்கும். சின்ன வயதில், ஒழுங்காக விழப் பழகும் முன்பே அவரைப் போட்டியில் இறக்கிவிட்டார்கள். கையை ஊன்றி விழுந்ததில் எலும்பு முறிந்தது. கை குணமானதும் அவர் முதலில் பழகியது விழுவதற்குத்தான். தன் மாணவர் யாரும் விழத் தெரியாமல் மோதக் கூடாது என்பதில் அன்று முதல் ஒரே பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தால்தான் இப்போது வம்பு வந்தது. குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பையனின் அப்பா, ரொட்டிக் கடைக்காரர், வகுப்புக்கு வந்து நின்றார். சனிக்கிழமைப் போட்டியில் மகனைச் சேர்க்கச் சொன்னார். மாஸ்டர் மறுத்தார்.

"விழறதுக்கு எதுக்கும்மா ஒரு வகுப்பு? எம் பையன் வீட்லயே நல்லா விழறான். அவனை வேற வகுப்புல சேர்த்துக்கறேன்."

மற்ற பெற்றோர் சிரித்தார்கள். நாங்களும் பிள்ளைகளை வேறு வகுப்பில் சேர்க்கிறோம் என்று சிலர் பைகளை எடுத்தார்கள்.

"போறவங்க போகலாம். தயாராகாத பிள்ளையை நான் இறக்க மாட்டேன்" என்றார் மாஸ்டர். குரல் அசையவில்லை. ஆனால் விரல்கள் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பம்பரம் கவனித்தாள்.

விறுவிறுவென்று போய்க் கடைக்காரரின் வழியை மறித்தாள்.

"மாமா, இந்த விரிப்பு மேல என்னை ஒரு தடவை தள்ளிட்டுப் போங்க."

"சின்னப் பொண்ணை எப்படித் தள்றது?"

"சனிக்கிழமை உங்க பையனைத் தள்றவன் இப்படி யோசிக்க மாட்டானே."

கடைக்காரர் ஒற்றை விரலால் தள்ளினார். இதற்கு ஈகூட விழாது என்றாள் பம்பரம். உள்ளங்கையால் தள்ளினார். அவள் முகவாயை உள்ளே இழுத்து, கையால் விரிப்பைப் படாரென்று தட்டி விழுந்தாள். அவர் கையை இறக்குவதற்குள் எழுந்தும் விட்டாள்.

அப்போது குண்டூசி முன்னால் வந்தான். "இப்ப என்னைத் தள்ளுங்கப்பா."

கடைக்காரரின் கை பாதியில் நின்றது.

"சில நேரம் சரியா விழறேன். சில நேரம் மறந்துபோய்க் கையை ஊன்றிடறேன். அதான் இந்தப் போட்டி வேண்டாம்ங்கிறேன்" என்றான்.

கடைக்காரர் கையை இறக்கிக்கொண்டார். தள்ளவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எப்படி விழுவதென்று தனக்கும் காட்டும்படி மெதுவாகக் கேட்டார். மாஸ்டர் பம்பரத்தைக் கைகாட்டினார். எடுத்த பைகள் திரும்ப மூலைக்குப் போயின.

கடைக்காரர் விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுப்பிவிடத்தான் பம்பரமும் குண்டூசியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.