ஐந்து நிமிடப் படகு

"இஞ்சினை அணைங்க சார்! இவ்ளோ பெரிய போர்டு வச்சிருக்கோம்... கண்ணு எங்க இருக்கு?"

படகுப் பணியாளர் ரோனா காரின் கூரையில் ஓங்கித் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. மழைச் சாரலுக்கு நடுவே இரண்டு சாம்பல் நிறக் கண்கள்...

"இப்போ உங்க மேலதான்."

அவள் அடுத்த காரைத் தட்டப் போய்விட்டாள்.

கனடாவின் கேப் பிரிட்டன் தீவில், கார்களை ஏற்றிக்கொண்டு வடத்தைப் பிடித்தே நகரும் அந்தக் கம்பிவடப் படகு அக்கரை சேர ஐந்தே நிமிடம். அந்தச் சாம்பல் கண்காரன் எம்மெட் தினமும் வந்தான். அக்கரையில் யாருக்கோ அவர் பெயரிலேயே சுயசரிதை எழுதிக் கொடுக்கிறானாம். கிரீஸ் படிந்த அவள் கையில் ஓட்ஸ் பிஸ்கட்டைத் திணிப்பான்.

"கழுவிட்டுச் சாப்பிடுங்க மேடம்."

"கிரீஸ் தின்னு வளர்ந்த உடம்பு இது. பேனாவத் தவிர எதையாச்சும் தூக்கியிருக்கீங்களா நீங்க?"

இந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கக் கூடாதா... வடத்தைப் பார்த்து ஏங்கினாள்.

மூன்றாம் வாரம் ஒரு காலை, மூடுபனி. காருக்குள் அவன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். எழுதியதை வாய்விட்டுப் படித்தால்தான் அடுத்தவர் குரல் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியுமாம். அது அவன் தொழில் பழக்கம்.

"புயலில் கப்பலை எடுக்க வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கேப்டன் ஹெக்டர் குடித்திருந்தான்..."

ரோனாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அந்த அரசுக் கப்பல் மூழ்கியதால் பதவி இழந்த மாகாண முன்னாள் முதல்வர் வார்ட்ரோப், டிவியில் இழுத்து இழுத்துப் பேசும் அதே குரல்... எம்மெட்டின் வாயில்!

"கேப்டன் ஹெக்டர் எங்கப்பா," என்றாள். "பதினாலு பேரோட மூழ்கினாரு. ஒரு சொட்டு தொட்டதில்ல."

அவன் முகம் வெளுத்தது. "ரோனா... தெரியாதுங்க. அவர் சொல்றத எழுதுறேன், அவ்வளவுதான்..."

"செத்தவரத் திரும்பக் கொல்றதுக்குப் பேரு அவ்வளவுதானா? இனிமே சுத்து ரோட்டுல போங்க."

ஒன்பது நாள் அவன் வரவில்லை. ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் அக்கரையில் படகு நின்றிருந்தது. மேட்டிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். எம்மெட்! பின்னாலேயே வார்ட்ரோப்பின் கறுப்புக் கார்.

"ஏறுபலகையைத் தூக்குங்க ரோனா!" என்றான் படகில் தாவி ஏறி.

"உங்கள எதுக்கு நம்பணும்?"

கோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அழுத்தினான். அதே இழுவைக் குரல், சிரித்தபடி: 'கப்பல எடுத்தாகணும்னு ஹெக்டர்கிட்ட போன்ல சொன்னதே நான்தானப்பா. இதையெல்லாம் எழுதிடாதே...'

கார் சரிவில் பாய்ந்தது. ரோனா பலகையைத் தூக்கி, மேல் அறையிலிருந்த படகு ஓட்டுநருக்குக் கை காட்டினாள். படகு நகர்ந்தது. கறுப்புக் கார் தண்ணீர் விளிம்பில் கிறீச்சிட்டு நின்று, ஹாரனை அலறவிட்டது.

"கப்பல் விபத்த விசாரிக்கிற குழுகிட்ட இதக் கொடுக்கப்போறேன்," என்றான் மூச்சிரைக்க. "என் வேலை போச்சு. பரவால்ல. இத்தன நாளா 'நான்' 'நான்'னு அடுத்தவருக்காகப் பேசிப் பேசி... என் பேச்சே எனக்கு மறந்துபோச்சுங்க. நான்... நான் உங்கள..."

மழை அவன் இமைகளில் வழிந்தது.

"உரக்கச் சொல்லுங்க," என்றாள். "யார் குரல்னு கேக்கணும்."

"நான் உங்கள விரும்புறேன், ரோனா."

கிரீஸ் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் கறுப்புக் கோடு.

"உங்க குரல்தான்..."

படகு கரை தட்டியது. பலகையை இறக்க அவள் மறந்தே போனாள்.