நாலு விரல் அகலம்

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் முகாமின் வாசலில் நின்ற காவல்காரம்மா பையைப் பார்க்கவில்லை, கூடாரத்தைப் பார்க்கவில்லை. "மரத்துல தொங்கவிடுற ஹேமக் படுக்கையைக் கட்டுற நாடாவை மட்டும் காட்டுங்க" என்று கையை நீட்டினாள்.

மகளோடு தங்க வந்திருந்த தையல்காரர் பைக்குள் கையை விட்டார். நாடாவைப் பிடித்தபடியே காட்டினார். அவள் அதன் குறுக்கே நான்கு விரல்களைச் சேர்த்து வைத்து அளந்தாள். சரியாக இருந்தது.

"இதைவிட ஒல்லியா எதையும் மரத்துல கட்டாதீங்க சார். மரத்துக்குச் சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ இறங்கும். அங்க அறுத்தா, நிக்கிற இடத்துலயே பட்டினி கெடந்து சாகும்."

"தெரியும்மா. துணியும் நாடாவும்தானே என் தொழிலு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் மாதிரி நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். அவர் காட்டியது ஒரு நாடா இல்லை. நீளவாக்கில் வெட்டிய இரண்டு பாதிகளை, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

எல்லாம் வீம்பினால் வந்தது. இரண்டு படுக்கைக்கு இரண்டு ஜோடி நாடா வேண்டும், அகலமாக, இழுத்தால் நீளாததாக வேண்டும் என்று கடையில் ஒரு சின்னப் பெண் சொன்னாள். இருபது வருஷம் கத்தரிக்கோல் பிடித்தவருக்கு நேற்று முளைத்தவள் பாடம் நடத்துவதா? ஒரே ஜோடியை வாங்கி வந்து வீட்டில் நடுவாக வெட்டி இரண்டு ஜோடி ஆக்கிவிட்டார். நைலானை வெட்டினால் நூல் பிரியும் என்பதால், தையல்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல விளிம்பை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கினார். ஆறியதும் அந்த விளிம்பு ரம்பம்போல இறுகிவிட்டது. தடவிப் பார்த்தபோது விரலில் சுருக்கென்றது. அவர் பொருட்படுத்தவில்லை.

மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து, எதுவும் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகி, இப்போதுதான் தேறியிருந்தாள். நர்ஸ் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அரை மனதாகத்தான் அனுப்பினாள். "பத்திரம்ங்க. இப்பத்தான் ரெண்டு வாய் உள்ள போகுது" என்று மூன்று தடவை சொன்னாள்.

அவர் தேர்ந்தெடுத்த பெரிய மரத்தில், நெஞ்சு உயரத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. எப்போதோ எவனோ கட்டிய கயிறு சுற்றிலும் தின்றுபோன வளையம். அதற்கு மேலே மரம் உப்பியிருந்தது, கீழே ஒடுங்கியிருந்தது. நாடா வழுக்காமல் நிற்க நல்ல பள்ளம் என்று நினைத்து அதற்குள்ளேயே கட்டினார். மறுமுனையைப் பக்கத்து மரத்தில் கட்டினார்.

சுற்றிலும் பறவைகள் கத்தின. அந்த மரத்தில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை.

மதியம் குட்டி அந்தத் தொங்கு படுக்கையில் படுத்துத் தூங்கினாள். எழுந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஈரப் பட்டையின் கசப்பு வாசனை மூக்கில் ஏறியது. அவர் ரொட்டியைப் பிய்த்து நீட்டினார். அவள் வாங்கி மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"முழுங்குடா கண்ணு."

"இறங்கலப்பா."

தண்ணீர் கொடுத்தார். அது கடைவாய் வழியாக அப்படியே வெளியே வழிந்தது. முகவாயைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தைச் சுற்றி நூல் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. துணி அழுத்தியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கிர்ர்ர்.

காற்று இல்லை. குட்டி அவர் மடியில் இருந்தாள்.

ஆனால் படுக்கை ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் தாழ்ந்து, ஆள் படுத்த மாதிரி தொய்ந்திருந்தது.

குட்டியைப் பாயில் உட்காரவைத்துவிட்டு மரத்தடிக்கு ஓடினார். நாடா பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. காலையில் கட்டிய நாடா. மேலும் கீழும் பட்டை உதடுபோலத் தடித்து அதன்மேல் மூடிக்கொண்டு வந்தது. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

பிடித்து இழுத்தார். பின்னால் குட்டி இருமினாள்.

இன்னும் பலமாக இழுத்தார். இருமல் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தார். குட்டி வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

இங்கே இழுத்தால் அங்கே குட்டியின் கழுத்து இறுகுகிறது. சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் நூல் கத்தரியை எடுத்து, பட்டைக்கு வெளியே தெரிந்த நாடாவை இரண்டு பக்கமும் நறுக்கினார். வெறும் படுக்கை 'தொப்'பென்று பாரத்தோடு தரையில் விழுந்தது. குட்டி மூச்சை இழுத்தாள். வாயிலிருந்த ரொட்டி உள்ளே இறங்கியது.

பட்டைக்குள் போன நாடாத் துண்டு மட்டும் உள்ளேயே நின்றது. அதைத் தோண்டி எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, கூடாரத்தைக்கூடச் சுருட்டாமல் வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்ன சார், அதுக்குள்ளயேவா? நாடா எல்லாத்தையும் அவுத்துட்டீங்கள்ல?" என்றாள் காவல்காரம்மா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்கும். வெட்கம் வாயை அடைத்தது.

"ஆச்சும்மா."

இரண்டு மாதம் கழிந்தது. குட்டி சாப்பிட்டாள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, எதையும் தண்ணீர் ஊற்றித்தான். "தொண்டையில ஒண்ணுமே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அப்புறம் ஏன் இப்படி?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பள்ளி திறக்கும் முன்பு, வருஷாவருஷம் செய்வதுபோல, சீருடைக்கு அளவெடுக்க அவளை நிற்கவைத்தார். உயரம் கூடியிருந்தது. மார்பு அரை அங்குலம் கூடியிருந்தது. கழுத்தைச் சுற்றி டேப்பை வைத்தார். அளவுப் புத்தகத்தில் போன வருஷம் எழுதியது பதினொன்று.

டேப்பில் பத்தரை.

வளர்கிற பிள்ளைக்குக் கழுத்து குறையுமா? தவறாக வைத்திருப்பேன் என்று மறுபடியும் வைத்தார்.

"அப்பா, அந்தக் காவல்காரம்மாகிட்டப் போய்ச் சொல்லிடலாமா?" என்று குட்டி மெல்லக் கேட்டாள்.

"எதை?"

"உள்ள இன்னும் இருக்குன்னு."

அவர் அதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டேப்பை எடுத்தபோது அது ஈரமாக விரலில் பிசுபிசுத்தது. பட்டையின் கசப்பு வாசனை அடித்தது.

மூன்றாவது தடவை அளந்தார்.

பத்தே கால்.