காயாத வட்டம்

தரையைத் துடைத்து வெகு நேரமாகியும் அந்த ஒரு இடம் மட்டும் காயவில்லை. மின்விசிறி அதற்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. வாசல், சுவரோரம், அடுப்பு மேடைக்குக் கீழே எல்லாம் வெளுத்து உலர்ந்துவிட, அறையின் நடுவில் மட்டும் சிமெண்ட் கறுத்துக் கிடந்தது. மனைவி மறுபடியும் துணியைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள்.

"என்னங்க, இதப் பாருங்க. கயிறு புடிச்சு வரைஞ்ச மாதிரி வட்டமா நிக்குது."

"புதுத் தரை. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அந்த வட்டத்தின் அகலம் அவனுக்குத் தெரியும். அதன் விளிம்பில் நின்றவன்தான் அவன்.

நகரத்துக்கு வடக்கே, பஸ் வந்து திரும்புகிற இடத்தையும் தாண்டிக் கிடந்தது அந்தச் சின்ன ஊர். கொஞ்சம் வீடுகள், மீதியெல்லாம் வயல். நகரம் அதை ஓரத்திலிருந்து மென்றுகொண்டே வந்தது. வயலில் கல் நட்டுப் பிளாட் போட்டார்கள். பிளாட்டுக்குள் கிணறு இருந்தால் வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கிணறுகளை மூடினார்கள். மூடுகிற வேலை அவனுக்கு. டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். தோளில் துண்டோடு விளிம்பில் நின்று அவன் கையைத் தூக்கினால்தான் டிரைவர் மண்ணைச் சரிப்பார்.

கையைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குனிந்து மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" வற்றிய கிணற்றில் ஆடு விழுந்து கிடக்கும். வெயில் தாங்காமல் எவனாவது இறங்கிப் படுத்திருப்பான். ஒவ்வொரு தடவையும் காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மூன்றாவதுக்கும் பதில் வராவிட்டால் கையைத் தூக்கலாம். அந்த வேலை பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

இந்தக் கிணற்றுக்கு அவன் குரல் கொடுக்கவில்லை.

அன்று பிளாட் பார்க்க நகரத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். குடை, கறுப்புக் கண்ணாடி, காற்றையே மாற்றிவிடுகிற வாசனை. முந்தைய கிணற்றில் அவன் குனிந்து கத்தியதை ஒரு பெண் போனில் படம் பிடித்தாள். "யாரக் கூப்பிடுறீங்க, மாமியாரையா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தார். அவனும் சிரித்தான், அதுதான் அவனுக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. இந்தக் கிணற்றுக்கு வந்தபோது அவர்கள் போனைத் தயாராகப் பிடித்திருந்தார்கள். அவன் காது சுட்டது. குனியாமல், கீழே பார்க்காமல், கையைத் தூக்கிவிட்டான்.

கடைசி லோடும் விழுந்த பிறகுதான் புதரோரம் செருப்புகளைப் பார்த்தான். ஒன்றுக்கு நீல வார், இன்னொன்றுக்குச் சிவப்பு. ஊரில் அப்படிப் போடுகிறவன் ஒருவன்தான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே திரிவதால் அவனுக்கு ரேடியோ என்று பேர். குழந்தைகள் அவன் காதைத் திருகி ஸ்டேஷன் மாற்றுவார்கள். அவனும் உடனே வேறு கதைக்கு மாறிவிடுவான்.

அன்றிலிருந்து ரேடியோவைக் காணோம். "டவுனுக்குப் போயிருப்பான். அங்கதான் கேக்க ஆளு நிறைய," என்றார்கள் ஊரில். செருப்புகளைப் பார்த்தவன் அவன், வாய் திறந்திருக்கலாம். திறந்தால், ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். நாலு பேர் சிரிப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது என்று எந்த முகத்தோடு சொல்வது? செருப்புகளை மண்ணுக்குள் தள்ளி மிதித்துவிட்டு வந்திருந்தான்.

பிறகு பிளாட்காரர்கள் அந்தக் கிணற்றை மூடிய அதே இடத்தில் ஒரு ஷீட் வீட்டைக் கட்டி, காவலுக்கு அவனையே குடும்பத்தோடு குடியிருக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

மனைவி தரையைத் தேய்த்த அன்று சாயங்காலம் மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன், நகரத்தில் லிஃப்ட் மாட்டுகிறவர்.

"பரவாயில்லையே மாப்ள, வடக்கால அரண்மனையே புடிச்சிட்டீங்க. நரி வந்தா கதவத் தட்டுமா, பெல் அடிக்குமா?"

"சும்மா இருண்ணே," என்றாள் மனைவி. அவளுக்கும் சிரிப்பு வந்தது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் தட்டுகளை ஈரத்தைச் சுற்றி வைத்தாள். இடம் போதவில்லை, அவன் கால் வட்டத்துக்குள் இருந்தது.

கரண்ட் போனது. விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. தூரத்து ரோட்டின் இரைச்சலும், ஷீட்டை உரசிக்கொண்டிருந்த காற்றும், பக்கத்துப் பிளாட்டில் நாய் சங்கிலியை இழுக்கிற சத்தமும் ஒவ்வொன்றாக, யாரோ மேலே மூடி போட்டது போல அடங்கின. மண் வாசனை எழுந்தது. மழைக்கு வருகிற வாசனை இல்லை அது, வெயிலே படாத ஆழத்தின், பாசியின், ஊறிய கல்லின் வாசனை. மகள் போன் விளக்கைப் போட்டுச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தாள். சொம்புத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா...?"

தரைக்கு அடியிலிருந்து. நீட்டி இழுத்த குரல். அவன் உள்ளங்காலில் அது ஓடியது.

"யாரோ வெளிய கூப்பிடுறாங்க," என்றார் மச்சான், மென்றுகொண்டே.

மகள் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தாள். விடுமுறை நாட்களில் அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கிணற்று மேட்டில் நின்று கேட்டுப் பழகியவள்.

"அப்பா, உங்க குரல் மாதிரியே இருக்கு."

"உங்கப்பாதான் இங்க உக்காந்து முழுங்கிட்டிருக்காரே!" என்றார் மச்சான்.

மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை சுவர்களிலிருந்து, நாலு பக்கமும். கிணற்றில் இறங்கி வேலை பார்த்தவனுக்குத் தெரியும். மேலே நின்று கூப்பிடுகிற குரல் அடியில் மோதி, பக்கங்களில் ஏறித்தான் காதுக்கு வரும்.

பதில் சொல்ல வேண்டும். இருக்கோம் என்று ஒரு வார்த்தை. மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள். வாயைத் திறந்தான்.

மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிப்பு தயாராக இருந்தது. "என்ன மாப்ள, நீங்களே கூப்பிட்டு நீங்களே பதில் சொல்லப் போறீங்களா?"

காது சுட்டது. இருமினான். தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

மூன்றாவது குரல் தலைக்கு மேலிருந்து வந்தது.

பிறகு அமைதி. காது கொடுத்துக் காத்திருக்கிற அமைதி. எவ்வளவு நேரம் காக்க வேண்டுமோ அவ்வளவு நேரம். ஒரு மூச்சுகூடக் குறையாமல்.

மகள் போனை எடுத்து மேலே காட்டினாள்.

ஷீட் இல்லை. விசிறி இல்லை. கல். கல்லுக்கு மேல் கல். வட்டமாக ஏறிக்கொண்டே போகிற கல். உச்சியில், தட்டளவு சாம்பல் வானம். அதன் விளிம்பில் ஒருவன் குனிந்திருந்தான். ஒரு கை காதுக்குப் பின்னால். தோளில் துண்டு. கீழே இருந்த இவனுடைய அதே துண்டு.

"இருக்கோம்!" என்று கீழேயிருந்து இவன் கத்தினான். "இருக்கோம்! இருக்கோம்!"

மேலே லாரி உறுமியது. அதற்குள் எல்லாம் கரைந்துபோனது.

மச்சான் இப்போது சிரிக்கவில்லை. மனைவி மகளை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள். அவன் தோளுக்குப் பக்கத்தில், இருட்டில், யாரோ தாழ்ந்த குரலில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க, அவரு நல்ல மனுஷன், கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் கொட்டுவாரு, கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான், கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான்..."

மேலே நின்றவன் நிமிர்ந்தான். வேலையைச் சரியாகச் செய்து முடித்தவனின் முகம்.

கையைத் தூக்கினான்.