கேஜ் மணி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மருமகன் சுனில் கோணி சுற்றிய எதையோ கட்டிப்பிடித்தபடி இறங்கினான்.

"மாமா, உங்க பழைய சிநேகிதரைக் கூட்டியாந்துட்டேன், பாருங்க!"

கோணியைப் பிரித்தான். தாம்பாள அகலத்துக்கு ஒரு பித்தளை மணி. விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு. பக்கவாட்டில் பொருத்திய இரும்புச் சுத்தி.

நெடுஞ்செழியன் எழுந்து நின்றுவிட்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்த மணிக்குக் கீழே உட்கார்ந்து, சுரங்கத்தில் ஆள் ஏறும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் என்ஜினை ஓட்டியவர் அவர். டெலிபோன் வந்தது, விளக்கு சிக்னல் வந்தது. ஆனாலும் கேஜ் இறங்கும் அந்தக் குழியில், ஷாப்டில், சுரங்கத்தை மூடும்வரை கம்பி மணிதான். கீழே இருப்பவன் கம்பியை இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால், ஆள் ஏறியாயிற்று, தூக்கு. டிரைவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடித்தால்தான் கேஜ் நகரும்.

"இத இன்னாத்துக்குப்பா வூட்டுக்குள்ள கொண்டாந்தே?"

"பெங்களூரு பார்ட்டி ஒருத்தன் கேக்கறான் மாமா, ஹால்ல மாட்டறதுக்கு. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்."

மகள் மாயா சிரித்தாள். "நைனா மூஞ்சியப் பாரேன். மேனேஜரே வந்து நிக்கற மாதிரி!"

சுனில் மணியைச் சுவரில் மாட்டிவிட்டு போண்டா வாங்கப் போனான். மாயா நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுத் தூசி ஜன்னலில் வந்து உரசியது.

முதலில் வாசனைதான் வந்தது. ஈரப் பாறையும் வெடிமருந்துப் புகையும் கலந்த வாசனை.

பிறகு மணி அடித்தது.

ஒன்று. இரண்டு... மூன்று.

கம்பி இல்லை, ஆள் இல்லை. சுத்தி தானாக எழுந்து விழுந்தது.

"நைனா, சும்மா இரேன்," என்றாள் மாயா, தலை நிமிராமல்.

முதல் இரண்டையும் வேகமாக இழுத்துவிட்டு மூன்றாவதைக் கொஞ்சம் தாமதிக்கும் அந்தக் கை அவருக்குத் தெரியும். தம்பி பாரியின் கை. முப்பது வருடம் முன்பு பாறை வெடித்த அன்றும் இப்படித்தான் அடித்தான். ஷாப்டிலிருந்து புகை மேலே வருவதைப் பார்த்த பயத்தில் இவர் பதில் அடிக்காமல் அரை நிமிடம் தவறவிட்டார். அதற்குள் கீழே பாறை சரிந்துவிட்டது; கேஜ் வெறுமையாக வந்தது. பாரியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

மறுபடி அடித்தது. மூன்று.

இந்த முறை அவர் தாமதிக்கவில்லை. பாய்ந்துபோய் சுத்தியைப் பிடித்து மூன்று அடித்தார்.

தரை அதிர்ந்தது. எங்கோ ஆழத்தில் இரும்புக் கயிறு முறுகும் சத்தம் கேட்டது.

"நைனா... காது அடைக்குது."

திரும்பினார். மாயாவின் முகமெல்லாம் வியர்வை.

"அனலா அடிக்குது. எங்கியோ இறங்கிகினே போற மாதிரி கீது, நைனா."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

என்ஜினில் கயிறு சுற்றும் உருளை ஒன்றுதான். இரண்டு கேஜ். ஒன்று மேலே வரவேண்டுமென்றால் இன்னொன்று கீழே போயாக வேண்டும்.

ஓங்கி ஒரு மணி அடித்தார். நிறுத்து! இன்னொரு முறை அடித்தார். கயிற்றின் சத்தம் நிற்கவில்லை.

"இருட்டா கீது நைனா. கையப் புடிச்சிக்கோ."

ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அவர் பிடியில் இருக்கும்போதே அந்தக் கை துவண்டது.

சத்தம் நின்றது.

மாயா கண் திறந்தாள். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கினாள்.

"எம்மாம் நேரம்ணா, ஒரு மணி அடிக்க?"

குரல் மாயாவினுடையதுதான்.

"பாரி..." அவர் அவள் முகத்தருகே குனிந்தார். "இது எம் பொண்ணுடா. திரும்பிப் போய்டுடா, கண்ணு."

"அங்க எவன் போவான்?"

இரண்டு அடித்து இறக்கிவிட அவர் சுத்திக்குத் தாவினார். மாயாவின் மெல்லிய விரல்கள் அவர் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்தன.

"வேணாண்ணா."

வாசலில் சுனில் குரல். "மாயா, சூடா கீது, ஓடியா!"

"தோ வரேன்."

தாழ்வான சுரங்கப் பாதையில் நடப்பவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு அவள் வெளியே போனாள். சுனில் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்டது.

அப்போது மணி அடித்தது.

ஒன்று. நான்கு. ஏழு. பதறிப்போன இரண்டு கைகள் கம்பியைப் பிடித்துத் தொங்குவதுபோலக் கணக்கே இல்லாமல் அடித்தது.

மாயா ஒருநாளும் சுரங்கத்தில் இறங்கியவள் இல்லை. அவளுக்கு சிக்னல் தெரியாது.

"மூணும்மா," என்று சுவரில் வாய் வைத்துக் கிசுகிசுத்தார். "மூணே மூணு. அடிம்மா, நைனா தூக்கிர்றேன்."

மெதுவாக மூன்று அடித்துக் காட்டினார். காத்திருந்தார்.

கீழேயிருந்து பதில் வந்தது. எண்ணினார். பதினொன்றுவரை எண்ணினார்.

அது நிற்கவில்லை.