பத்தொன்பதாவது டக்

மூன்றாவது தடவையும் அக்கா பதினொன்றாவது டக்கில்தான் இருமினாள்.

டக் என்பது ஃபேனின் சத்தம். ஹாலில் தொங்கிய அந்த ஃபேன், காற்று வீசுவதைப் பகுதி நேரமாகவும் டக் டக்கென்று அடிப்பதை முழு நேரமாகவும் செய்துகொண்டிருந்தது. நொடிக்கு ஒன்று. அதன் நேர்மையில் யாரும் குறை சொல்ல முடியாது. அவன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, விளையாட்டுக் கருவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்த டக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, தரையில் மூன்றாவது கல்லின் மேல் சதுரமாகப் படுத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பதினேழு. மூன்று நாளில் பரீட்சை. புத்தகம் பக்கத்தில் திறந்து கிடந்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்ற அளவில் அதற்கும் ஒரு பயன் இருந்தது.

நான்காவது டக்கில் சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு பாத்திரத்தில் விழும். ஏழாவதில் கீழ்த்தளத்தில் யாரோ லிஃப்ட்டின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்துவார்கள். பதினொன்றில் அக்கா இருமுவாள். பதினைந்தில் ஜன்னல் கம்பியில் ஒரு புறா வந்து உட்காரும். பத்தொன்பதில் அவன் பொத்தானை அழுத்துவான். திரையில் ஒரு பழுப்புத் தூங்கான் வரும். அவன் அதை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டு, விளையாட்டை மூடி மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

தூங்கான் என்பது கரடிக்குட்டி உடம்பும் முயல்காதும் கொண்ட ஒரு பிராணி. பெயர்தான் அப்படி, எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும். அந்த விளையாட்டைச் செய்தவர்களின் நகைச்சுவை உணர்ச்சி அவ்வளவுதான். எண்ணாயிரத்தில் ஒரு தூங்கான் மட்டும் வெள்ளையாக வரும், தலையைச் சுற்றி மூன்று நட்சத்திரம் வெடிக்கும். மற்றபடி அதற்கும் பழுப்புக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதற்காகத்தான் மனிதர்கள் மாதக்கணக்கில் உயிரை விடுகிறார்கள்.

அவன் உயிரை விடத் தேவையில்லாத ஒரு வழியைச் சோடாபுட்டி கற்றுக்கொடுத்திருந்தான். சோடாபுட்டி அவனுடைய வகுப்புத் தோழன், நிகழ்தகவுப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றவன்.

"ரேண்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடா மச்சான். மெஷின் சும்மா நடிக்குது. முழிச்சதும் தன்னோட கடிகாரத்தைப் பாக்கும். தேதி, மணி, நிமிஷம் எல்லாத்தையும் சேத்து ஒரு நம்பர் ஆக்கும். அதுதான் விதை. அந்த விதையிலிருந்துதான் மொத்தக் காடும் முளைக்குது. அதே நேரத்தை மறுபடி வச்சு, அதே நொடியில அமுக்கினா, அதே பிராணிதான் வரும். கொஞ்சம் பிசகுச்சுன்னா அதே இடத்துல வேற ஒண்ணு வந்து நிக்கும்."

"எவ்வளவு பிசகினா?"

"நொடியில அறுபதுல ஒரு பங்கு."

"மனுஷனால முடியுமாடா அது?"

"நூறு தடவை அமுக்கு, ஒரு தடவை சிக்கும். வெள்ளை வந்தா மட்டும் சேவ் பண்ணு. சேவ் பண்ணிட்டா அதுதான் கடைசி, பின்னாடி போக முடியாது. அப்புறம் ஒண்ணு, கடிகாரத்துல எப்பவும் பழைய வருஷமா வை."

"ஏன்?"

"எல்லாரும் அப்படித்தான்டா வைப்பாங்க."

நல்ல விதைகளின் பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருந்தான். அதில் இன்றைய தேதியே இருந்தது, வருஷம்கூட மாறாமல், மதியம் இரண்டு பதினேழு. கருவியின் கடிகாரத்தை மாற்றும் வேலை மிச்சம் என்று அவன் அதையே எடுத்துக்கொண்டான். எண்ணுவதற்குச் சோடாபுட்டி ஃபோனில் ஒரு டிக்டிக் செயலி போட்டுக் கொடுத்திருந்தான். அது கூவினால் அக்கா எழுந்து வந்து உதைப்பாள். ஃபேன் எப்படியும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. கடிகாரத்தை மாற்றாததும் ஃபேனை எண்ணியதும், இரண்டும் சோம்பேறித்தனம்தான். அவன் வாழ்க்கையில் அதுவரை சோம்பேறித்தனத்தால் பெரிய தீங்கு எதுவும் வந்ததில்லை.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவு வேலை பார்ப்பவள். கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு நடுவே உருவம் பிசகிய ஒன்றைத் தேடுவாள். ஒவ்வோர் அணுவுக்கும் கையிலிருக்கும் சின்ன கவுண்டரைப் பெருவிரலால் ஒரு கிளிக். பழக்கதோஷத்தில் அந்தக் கவுண்டரை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். இன்று காலை வந்து செருப்பைக் கழற்றும்போதுகூட அது அவள் கையில் இருந்தது.

"நீயும் நானும் ஒரே வேலைதான்டா எருமை பாக்குறோம்," என்றாள் கருவியைப் பார்த்து. "எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க, உனக்கு அரியர் குடுக்குறாங்க. மூணு மணிக்கு எழுப்பு. எழுப்பலைன்னா நீ செத்த."

நான்காவது தடவை. சொட்டு. லிஃப்ட். இருமல். புறா. பழுப்பு.

ஒவ்வொரு தடவைக்கும் புத்தக ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வந்தான். ஏழோ எட்டோ ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கக் குனிந்தபோது, ஓரம் வெறுமையாக இருந்தது. அழித்த தடம்கூட இல்லை. பென்சிலின் முனை புதிதாகச் சீவியதுபோலக் கூராக இருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு பதினேழு. ஓடிக்கொண்டிருந்த நொடி முள், அவன் விளையாட்டை மூடித் திறந்த அதே கணத்தில், யாரும் நகர்த்தாமல், எந்தச் சத்தமும் இல்லாமல், பன்னிரண்டில் போய் நின்றிருந்தது. வெயில் மூன்றாவது கல்லிலிருந்து நான்காவது கல்லுக்கு நகரவில்லை. கருவியில் சார்ஜ் அறுபத்திரண்டு சதவீதம், ஆரம்பத்தில் இருந்த அதே அறுபத்திரண்டு.

அவனுடைய பெருவிரல் மட்டும் கணக்கு வைத்திருந்தது. பொத்தானில் உராயும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. ஏழு எட்டு அழுத்தலில் வருகிற கொப்புளம் இல்லை அது.

சரி, அழுத்த வேண்டாம் என்று முடிவு செய்தான். எளிய முடிவு. கருவியைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கட்டிக்கொண்டான். சொட்டு விழுந்தது. லிஃப்ட் அறைந்தது. அக்கா இருமினாள். புறா வந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

இருபது வரவில்லை.

ஃபேனின் இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மேலே எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூசியை, ஓடும் ஃபேனில் ஒருபோதும் பார்க்க முடியாத அந்தத் தூசியை, இழை இழையாகப் பார்த்தான். புறா ஒரு சிறகை முக்கால்வாசி மடித்து அப்படியே இருந்தது. அதன் கண்ணை மூட வந்த ஜவ்வு பாதியில் நின்றிருந்தது. தெருச்சத்தம் இல்லை. வெயிலில் மிதந்த தூசு மிதந்த இடத்திலேயே. அவனுடைய மூச்சு மட்டும் அறைக்குள் போய் வந்தது, வேறொருவருடைய வீட்டில் அனுமதியில்லாமல் உலவுவதுபோல.

எழுந்து வாசல் கதவுக்குப் போனான். தாழ்ப்பாளைப் பிடித்தான். பிடிக்க எதுவும் இல்லை. தாழ்ப்பாளின் நிழல், பளபளப்பு, துரு, எல்லாம் இருந்தன. விரலுக்குத் தட்டையாக இருந்தது. அந்த விளையாட்டில் சில வீட்டுக் கதவுகள் அப்படித்தான். வெறும் படம். உள்ளே போகவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாததால் யாரும் செய்யவில்லை.

அக்காவின் அறைக் கதவைத் தள்ளினான். அதுவும் படம்தான்.

"அக்கா," என்றான். கதவில் காதை வைத்தான். உள்ளே யாரும் மூச்சு விடவில்லை.

எவ்வளவு நேரம் நின்றான் என்று சொல்ல அங்கே நேரம் இல்லை. கடைசியில் அவனே போய்க் கருவியை எடுத்தான். அது காத்திருந்தது. அழுத்தினான்.

டக். இருபது. புறா சிறகை மடித்து முடித்தது. திரையில் பழுப்புத் தூங்கான். இந்தத் தடவை அவன் விளையாட்டை மூடவில்லை. காத்திருந்தான். அக்காவின் அறைக் கதவு, ஒரு நிமிடத்துக்கு முன் படமாக இருந்த அந்தக் கதவு, கிறீச்சென்று திறந்தது.

அக்கா கலைந்த தலையோடு வந்து, மேசையிலிருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"டேய் எருமை, அந்த ஃபேனை நிறுத்தித் தொலையேன்டா. மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, நீ வெளியவே இரு, உள்ள போகாத," என்றான். அவள் திரும்பினாள். அவளுடைய முகவாயின் இடது பக்கத்தில் ஒரு தழும்பு இருந்தது.

அவன் ஐந்து வயதில் அவளை ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்டதில் மூன்று தையல் போட்ட தழும்பு அது. வலது பக்கத்தில் இருக்க வேண்டும்.

டம்ளரையும் அவள் வலது கையில் பிடித்திருந்தாள். அக்கா இடது கைக்காரி.

"என்னடா அப்படிப் பாக்குற?" என்றாள் அவள், அக்காவின் குரலில்.

அவன் விளையாட்டை மூடினான்.

அதே இடம். வேறொன்று.

அப்புறம் வந்தவளுக்குத் தழும்பே இல்லை. அதற்கு அப்புறம் வந்தவளுக்குத் தழும்பு சரியாக இருந்தது, இடது கையும் சரியாக இருந்தது, ஆனால் அவனைக் "கண்ணு" என்று கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அக்கா அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அடுத்தவள் நன்றாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், அவன் மூடும்வரை. ஒருத்தி கதவைத் திறந்து, முதுகைக் காட்டியபடியே வெளியே வந்து, முதுகைக் காட்டியபடியே தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவனால் கதவுப் பக்கம் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் இருந்தபோது, யாரோ மிக அருகே வந்து குனிந்ததுபோலத் தூக்க வாசனை அடித்தது. மூடினான்.

அவனுடைய அக்கா எங்கோ ஒரு பத்தொன்பதில் இருந்தாள். அறுபதில் ஒரு பங்கு தள்ளி. மூணு மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கப்போனவள். அவளை எட்டுகிறவரை மூணு மணி வராது.

சொட்டு. லிஃப்ட். இருமல். புறா. அழுத்தினான். இல்லை.

சொட்டு. லிஃப்ட். இருமல். புறா. இல்லை.

இல்லை.

கொப்புளம் உடைந்தது. பொத்தான் வழுக்கியது. சட்டையில் துடைத்தான். துடைத்த ஈரம் அடுத்த தடவை சட்டையில் இல்லை. விரலில் மட்டும் காயம் இருந்தது. எல்லாம் பின்னால் போகும்போது தான் மட்டும் போகவில்லை என்பதற்கு அந்தக் காயம்தான் சாட்சி. தான்தான் நிஜம். அதைப் பார்த்துப் பார்த்துத் தைரியம் சொல்லிக்கொண்டான்.

சொட்டு. லிஃப்ட். இருமல். புறா.

அழுத்தினான்.

திரை வெளுத்தது. மூன்று நட்சத்திரங்கள் வெடித்தன. வெள்ளைத் தூங்கான், காதுகளைப் பரப்பிக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கியது.

கதவு திறந்தது.

முகவாயில், வலது பக்கம், மூன்று தையல். டம்ளர் இடது கையில். கொட்டாவி விட்டாள். கடைவாயில் அக்காவின் வெள்ளிப் பல்.

"எருமை," என்றாள். "மூணு ஆச்சாடா?"

அவள்தான். குரல் அவள்தான். கண் அவள்தான். திரையில், சேமிக்கவா, ஆம், இல்லை. ஆம் என்பதை அழுத்தினான். சுற்றிச் சுற்றி ஒரு வளையம் ஓடி நின்றது. சேமிக்கப்பட்டது.

"அக்கா," என்றான்.

அவள் தண்ணீரைக் குடிக்கவில்லை. டம்ளரை மேசையில் வைத்தாள். அவனை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். முடியை. காதை. கழுத்தை. கையை. அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். இன்று முழுக்க அவனிடம் இருந்த பார்வை. அது பெருவிரலுக்கு வந்து நின்றது.

உச்சுக்கொட்டினாள்.

"என் தம்பிக்குக் கொப்புளம் கிடையாது," என்றாள், அவனிடம் அல்ல. அவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. உள்ளங்கையில் அந்தச் சின்ன கவுண்டர். அதன் மேல் பெருவிரல். தோல் கிழிந்து, சதை தெரிந்து, எலும்புவரை தேய்ந்த பெருவிரல்.

கிளிக்.

கதவு மூடியிருந்தது. இரண்டு பதினேழு. மூன்றாவது கல்லில் வெயில். அவன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கைகளில் கருவி இல்லை.

டக்.

எழப் பார்த்தான். கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

நான்கு. சொட்டு.

ஏழு. லிஃப்ட்.

பதினொன்று. இருமல் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அல்ல. அவனுடைய தொண்டையிலிருந்து. அவனுக்கு இருமல் வரவே இல்லை.

பதினைந்து. புறா வந்து உட்கார்ந்து, அவனைப் பார்த்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினேழு.

பதினெட்டு.